ஊற்ற விடாத தண்ணீர்

அக்கா,

கோழிச் செட்டுக் கூரைமேல் தண்ணீரைத் திறந்துவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன். காய்ந்து கிடக்கும் தகரத்தில் முதல் தண்ணீர் படும்போது சொய்யென்று ஒரு சத்தம் வருமே, கூடவே தூசியும் கோழி எச்சமும் சுட்ட தகரமும் கலந்து ஒரு வாடை எழும்புமே, அது இன்றைக்கு என்னைப் பிடித்து உலுக்கிவிட்டது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிற வாடை. உங்களுக்கு மட்டும் அது பிடிக்கும். "மழ வாசமாட்டவே இருக்குது பாரு அம்மிணி" என்பீர்கள். மழை இப்படியா நாறும் என்று நான் கேட்டால், "நம்மூருக்கு வந்தாத்தானே அது எப்படி நாறும்னு தெரியும்" என்று சொல்லிவிட்டு நீங்களே சிரிப்பீர்கள்.

எனக்கு உங்கள்மேல் கோபம். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். போனவர்களுக்கு எழுதுகிறவர்கள் கண்ணீரும் கம்பலையுமாக எழுதுவார்கள். எனக்கும் அழுகை வந்தால் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் எரிச்சல்தான் வருகிறது. உங்கள்மேல், உங்கள் வீட்டுக்காரர்மேல், அன்றைக்கு வேப்பமரத்தடியில் கூடி நின்று நியாயம் பேசிய அத்தனை பேர்மேலும். ஒரு வருடமாக இந்த எரிச்சலை வைத்துக்கொண்டு நான் கோழிக்குத் தீவனம் போடுகிறேன், முட்டை பொறுக்குகிறேன், வருகிறவர்களுக்குக் காப்பி கொடுக்கிறேன்.

நீங்கள் இந்த வீட்டுக்கு மூத்த மருமகள், நான் இளையவள். என்னவர் ரிக் லாரியோடு மத்தியப் பிரதேசத்துக்குப் போர்வெல் போடப் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. உங்களவர் தீவனம் வாங்க, முட்டை ஏற்றிவிட என்று நாமக்கல்லுக்கும் வீட்டுக்குமாக அலைவார். அதனால் பண்ணை நம் இருவர் தலையில் விழுந்தது. நான் திருச்செங்கோட்டில் பிசிக்ஸ் படித்துவிட்டு வந்தவள் என்பதில் உங்களுக்கு ஒரே வேடிக்கை. மோட்டார் ஓடவில்லை என்றால், "பிசிக்ஸு, வந்து பாரு" என்று கூப்பிடுவீர்கள். பால் திரிந்துபோனாலும் அதே கூப்பாடுதான். பால் கெமிஸ்ட்ரி அக்கா என்று எத்தனை முறை சொன்னாலும் காதில் ஏறாது.

நான் வந்த முதல் கோடை நினைவிருக்கிறதா? பகல் முழுக்கக் கூரைக்குத் தண்ணீர் விட்டோம். வெயில் தாழ்ந்ததும் நீங்கள் ஏணியில் ஏறித் தகரத்தைத் தொட்டுப் பார்த்தீர்கள். "ஆறிருச்சு அம்மிணி, மோட்டார நிறுத்து" என்றீர்கள். நிறுத்தினேன். காற்றும் கொஞ்சம் நன்றாகத்தான் வீசியது. நாம் இரண்டு பேரும் அப்பாடா என்று உட்கார்ந்து டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோது உள்ளே கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு, இறக்கையை விரித்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சாயத் தொடங்கின. உச்சி வெயிலில் தாக்குப்பிடித்த கோழிகள், பொழுது சாய்ந்து நாமே மூச்சு விட்ட பிறகு செத்தன. இரண்டு கையிலும் கால்களைப் பிடித்துத் தூக்கித் தூக்கி வெளியே போட்டோம். நீங்கள் வாய்விட்டு அழுதீர்கள். உங்களவர் வந்து பார்த்துவிட்டு, கண் பட்டுவிட்டது என்று முடிவு கட்டி, வாசலில் ஆகாசகருடன் கிழங்கைக் கட்டித் தொங்கவிட்டார். கிழங்கு நன்றாகத் துளிர்விட்டது. கோழிதான் மறுநாளும் செத்தது.

அன்றைக்குத்தான் எனக்குப் பொறுக்கவில்லை. களத்தில் நட்ட நடு வெயிலில் கடப்பாரையைப் படுக்கப் போட்டேன். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரைத் தட்டுப் போட்டு மூடி வைத்தேன். மத்தியானம் உங்களைக் கூட்டிவந்து இரண்டையும் தொடச் சொன்னேன். கடப்பாரையில் கை வைத்து, "ஐயோ சாமி!" என்று உதறினீர்கள். வாளிக்குள் கை விட்டால் வெதுவெதுப்புக்கூட இல்லை. பொழுதோட, வெயில் தாழ்ந்த பிறகு, மறுபடியும் தொடச் சொன்னேன். கடப்பாரை சும்மா கிடந்தது. தண்ணீரில்தான் இப்போது சூடு இருந்தது. நீங்கள் மாறி மாறி இரண்டையும் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தீர்கள். "இதுக்கா அம்மிணி மூணு வருசம் காலேஜு போனே?" என்றீர்கள்.

ஆமாம் அக்கா, இதற்குத்தான் போனேன். புத்தகத்தில் இதற்குத் தன்வெப்ப ஏற்புத்திறன் என்று பெயர். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தபோது எனக்கும் அது வெறும் பெயர்தான். ஒரே எடை இரும்பையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு ஒரே அளவு சூடேற்றினால், தண்ணீர் ஒரு டிகிரி ஏறுவதற்குள் இரும்பு ஒன்பது டிகிரி ஏறிவிடும். இரும்புக்குக் கொஞ்சம் சூடு போதும், எகிறிவிடும். கொஞ்சம் சூடு போனால் போதும், அடங்கிவிடும். தண்ணீர் அப்படியில்லை. வாங்கிக்கொண்டே இருக்கும், வெளியே காட்டாது. அது கொஞ்சம் சுடுகிறது என்றாலே உள்ளே ஏகப்பட்ட சூட்டை வாங்கிவிட்டது என்று அர்த்தம். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் அத்தனை நேரம் பிடிக்கும். கோழி உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். அதற்குமேல் இறகு வேறு போர்த்தியிருக்கிறது. தகரம் ஆறிவிட்டது என்பதை வைத்துக் கோழியும் ஆறிவிட்டது என்று எப்படிச் சொல்வது?

இதையெல்லாம் நான் மூச்சுவிடாமல் சொல்ல, நீங்கள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். கடைசியில், "அப்ப இரும்பு எங்கூட்டுக்காரராட்டம். சுருக்குனு கோவம் வரும், சுருக்குனு போயிரும். தண்ணி என்னையாட்டம்னு வெச்சுக்க" என்றீர்கள். நான் பக்கம் பக்கமாக எழுதி மார்க் வாங்கினதை இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். அதற்குப் பிறகு நாம் பொழுது இறங்கி விளக்கு வைக்கிற வரைக்கும் மோட்டாரை நிறுத்தவில்லை. கோழிகள் பிழைத்தன.

அங்கேதான் என் வயிறு எரிகிறது. கோழி விஷயத்தில் புரிந்தது உங்கள் விஷயத்தில் உங்களுக்குப் புரியவில்லையே!

செட்டுக்குள் வெந்துவிட்டு வெளியே வருவீர்கள். முகம் செக்கச் சிவந்திருக்கும், ரவிக்கை முதுகோடு ஒட்டியிருக்கும். தொட்டியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருக்கும். ஒரு குடம் எடுத்துத் தலையில் ஊற்றிக்கொள்ளுங்கள் அக்கா என்பேன். "வேர்த்த ஒடம்புல பச்சத்தண்ணி ஊத்துனா சன்னி கண்டுரும் அம்மிணி. ஒடம்பு ஆறட்டும்" என்பீர்கள். நம் பக்கத்தில் பச்சைக் குழந்தைக்கும் இது தெரியும். வெயிலில் வந்தவர் உடனே குளிக்கக் கூடாது, உட்கார்ந்து ஆற வேண்டும், ஆறிய பிறகுதான் தண்ணீர். எங்கள் அம்மா வீட்டிலும் இதே கதைதான். நீங்கள் வேப்பமரத்தடியில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, அந்தச் சூட்டோடு சூடாக ஒரு டீயும் குடிப்பீர்கள். பார்த்துக்கொண்டிருக்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கோழிக்கு மட்டும் ஊத்தலாம், உங்களுக்கு ஊத்தக் கூடாதா?" என்று ஒரு நாள் சண்டைக்கே வந்துவிட்டேன். "கோழிக்கு எங்க அம்மிணி வேர்க்குது?" என்றீர்கள். கோழிக்கு வேர்க்காது என்பது உண்மைதான். நீங்கள் ஜெயித்துவிட்ட சந்தோஷத்தில் அன்றைக்கு எனக்கும் சேர்த்து டீ போட்டீர்கள். அக்கா, அந்தச் சண்டையில் ஜெயித்து என்னத்தைக் கண்டீர்கள்?

போன சித்திரை. லைன் வேலை என்று காலையிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். ஜெனரேட்டரில் பெல்ட் அறுந்து கிடந்தது. உங்களவர் அதை வாங்கப் போனார். நான் கோழி மருந்துக்காக நாமக்கல் போயிருந்தேன். கரண்ட் பொழுதோடதான் வரும் என்று உங்களுக்குத் தெரியும், மோட்டார் இல்லாவிட்டால் கோழிகள் என்ன ஆகும் என்றும் தெரியும். மருந்தடிக்கிற ஸ்பிரேயரில் தண்ணீரை நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு, கூண்டு வரிசைக்கு நடுவே நடக்க ஆரம்பித்திருக்கிறீர்கள். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும், மறுபடி தொட்டிக்கும். வெயில் ஏறி இறங்கும் வரைக்கும் நடந்திருக்கிறீர்கள். உங்கள் முதுகில் ஒரு பானைத் தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. அதில் ஒரு கை அள்ளித் தலையில் வைத்துக்கொள்ளத் தோன்றவில்லையே உங்களுக்கு. வேர்த்த உடம்பு!

நான் பஸ்ஸைவிட்டு இறங்கி வரும்போது வேப்பமரத்தடியில் ஆட்கள் நின்றார்கள். நீங்கள் கட்டிலில் சாய்ந்திருந்தீர்கள். உங்களவர் முட்டை அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "காலேஜு பஸ்ஸு வந்துருச்சா?" என்று கேட்டீர்கள். எனக்குக் கல்யாணமாகி எத்தனை காலம் ஆகிறது! நெற்றியில் கை வைத்தேன். கொதித்தது. ஒரு பொட்டு வேர்வை இல்லை, காய்ந்துபோயிருந்தது. ஆனால் சுற்றி நின்றவர்கள் எல்லோரும், "காத்து ஜிலுஜிலுன்னு வருதுல்ல, இனி செரியாயிரும்" என்றார்கள். காற்று ஜிலுஜிலு என்றுதான் வந்தது. தகரமும் ஆறிவிட்டது, களமும் ஆறிவிட்டது. நீங்கள் மட்டும் ஆறவில்லை.

ஓடிப்போய்த் தொட்டியில் வாளியை முக்கி எடுத்து வந்தேன். உங்களவர் என் கையைப் பிடித்தார். "உனக்குப் புத்தி கித்தி இருக்குதா? சன்னி வந்து அவ சாவறதுக்கா?" என்றார். "வேர்வை நின்னுபோச்சுங்க மாமா, உள்ள இருக்கற சூட்ட எடுக்கோணும், தண்ணி ஒண்ணுதான் எடுக்கும், விடுங்க" என்று கத்தினேன். யாரோ ஒருவர், "எல்லாம் படிச்ச திமிரு" என்றார். வாளியைப் பிடுங்கினார்கள். பிடுங்கி, அந்தத் தண்ணீரை வேப்பமரத்து வேரில் கொட்டினார்கள்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் நீங்கள் பேச்சை நிறுத்திவிட்டீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. காலையில் வீட்டுக்கு வந்து செட்டைத் திறந்தேன். ஒரு கோழிகூடச் சாகவில்லை அக்கா.

அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். ஊரில் நெஞ்சுவலி என்று ஆகிவிட்டது. உங்களவரும் அதையே சொன்னார். கேட்பவர்களுக்கு, "அவ நேரம் அப்படி" என்று ஒரு பெருமூச்சு. வெயில் என்கிற வார்த்தை ஒருவர் வாயிலும் வரவில்லை. ஆனால் கோழிக்கு எல்லாம் நடந்தது. கூரைக்கு வெள்ளை அடித்தார்கள். ஜெனரேட்டருக்குப் புது பெல்ட் வந்தது, மாற்றுக்கு ஒன்றும் வாங்கி வைத்தார்கள். செட்டுக்குள் ஒரு தெர்மாமீட்டர் தொங்குகிறது, சரியாகக் கோழி நிற்கிற உயரத்தில். மனிதர் நடக்கிற இடத்திலும் ஒன்றை மாட்டுங்கள் மாமா என்றேன். "நமக்கெதுக்கு அம்மிணி அது?" என்றார். அடுப்படிக்குப் போய்ப் பாத்திரத்தை எல்லாம் நங்கு நங்கென்று வைத்தேன். வேறென்ன செய்யச் சொல்கிறீர்கள்? என்னவரிடம் போனில் சொன்னால், "அண்ணங்கிட்ட வாயாடாத, அவரே நொந்துபோயிருக்காரு" என்கிறார். நான் நோகவில்லையா?

உங்களுக்குப் பிறகு வேலைக்குச் செல்வி என்று ஒரு பெண் வருகிறாள். ராசிபுரம் பக்கம். நல்ல வேலைக்காரி, வாயும் நல்ல வாய்தான். உங்களுக்குப் பிடித்திருக்கும். போன வாரம் தீவன லாரி காலையில் வர வேண்டியது மத்தியானம் வந்தது. லோடு இறக்குகிறவர்கள் பாதியில் போய்விட, மீதி மூட்டைகளைச் செல்விதான் இழுத்து இழுத்துக் கிடங்குக்குள் அடுக்கினாள். அதுவும் தகரம் போட்ட கிடங்கு. நான் முட்டை பொறுக்கி முடித்து வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். மோர் கொடுத்தேன். டம்ளரைப் பிடிக்கத் தெரியாமல் மடியில் கொட்டிக்கொண்டாள். "பாப்பா பள்ளிக்கூடத்துக்குப் போயிருச்சுங்களாக்கா?" என்று தன் மகளைப் பற்றி என்னைக் கேட்டாள். பள்ளிக்கூடம் லீவு விட்டு நாளாயிற்று. கழுத்தைத் தொட்டேன். அதே கொதிப்பு, அதே காய்ந்த தோல்.

எனக்கு என்ன வந்ததென்றே தெரியாது. தரதரவென்று இழுத்துக்கொண்டு போய்த் தொட்டி ஓரத்தில் உட்கார வைத்து, தலையிலிருந்து ஊற்ற ஆரம்பித்தேன். சத்தம் கேட்டு உங்களவர் ஓடி வந்தார். "அம்மிணி, வேர்த்த ஒடம்பு, பச்சத்தண்ணி..." என்று ஆரம்பித்தார்.

"வேர்க்கலீங்க மாமா! தொட்டுப் பாருங்க, வேர்க்கவே இல்லீங்க! வேர்த்துட்டிருந்தா நான் ஏனுங்க இப்படிப் பதறுறேன்?"

அவர் வாளியை நோக்கிக் கையை நீட்டினார். பழக்கத்தில் நீட்டினாரோ, என்னைத் தடுக்க நீட்டினாரோ, எனக்குத் தெரியாது. "இந்தத் தடவ வாளியத் தொட்டீங்கன்னா நான் மனுசியா இருக்க மாட்டேன்" என்றேன். இந்த வீட்டுக்கு வந்த நாளாக அவர் முகத்தைப் பார்த்து நான் குரல் உயர்த்தியதில்லை. அவர் கையை இழுத்துக்கொண்டார். நான் ஊற்றினேன். தோள், கழுத்து, அக்குள், கால் என்று ஊற்றிக்கொண்டே இருந்தேன். கை ஓய்ந்துபோகிற நேரத்தில் அவளுக்கு உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. கண்ணைத் திறந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். "ஏனுங்கக்கா, சீலயெல்லாம் நனச்சுப் போட்டீங்க, நான் எப்படி ஊட்டுக்குப் போறது?" என்று திட்டினாள். அவள் திட்டத் திட்ட எனக்குச் சிரிப்பு வந்தது.

ஈரத்துணியோடேயே வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டியூட்டியில் இருந்த டாக்டரம்மா பார்த்துவிட்டு, யார் தண்ணீர் ஊற்றியது என்று கேட்டார். எனக்குத் திட்டு விழப்போகிறது என்று நினைத்துக்கொண்டேன். "நல்ல காரியம் பண்ணினீங்க. ஆறட்டும்னு அப்படியே உட்கார வெச்சிருந்தா இங்க கொண்டுவந்தும் எங்களால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்றார். உங்களவர் என் பக்கத்தில்தான் நின்றார். துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் காலையில் நான் வாசல் தெளிக்க வந்தபோது அந்தக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். காப்பி கொண்டுவந்து கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்தார். நான் நகரப் போனபோது கூப்பிட்டார்.

"அம்மிணி, அன்னிக்கு உன்ற கையில இருந்து வாளியப் புடுங்காம இருந்திருந்தா உங்கக்கா இருந்திருப்பாளா?"

ஒரு வருடமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன் அக்கா. இவர் வாயிலிருந்து எப்போது வரும், வந்தால் எப்படி நறுக்கென்று பதில் சொல்வது என்று பாத்திரம் தேய்க்கும்போதும் முட்டை அடுக்கும்போதும் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். கேட்டுவிட்டு அவர் என்னைப் பார்க்கவில்லை. தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்துப் போட்டு, அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியலீங்க மாமா. உள்ள என்ன ஆயிருந்துச்சோ. அதெல்லாம் நம்மளால சொல்ல முடியாதுங்க" என்றேன்.

"முடியாதா?" என்றார்.

"முடியாதுங்க."

தலையை ஆட்டிக்கொண்டார். காப்பியை எடுத்துக் குடித்தார். குடித்துவிட்டு எழுந்து போய், கிடங்கில் ஆள் நிற்கிற இடத்தில் ஒரு ஆணி அடித்தார். இன்னொரு தெர்மாமீட்டர் வாங்கிவந்து அங்கே மாட்டினால் போதுமா என்று என்னைக் கேட்டார். போதும் மாமா என்றேன். இனி மத்தியானத்தில் லாரி வந்தால் மூட்டையை இறக்க வேண்டாம், நிற்கட்டும் என்று அவராகவே சொன்னார்.

எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும் இல்லையா? இருக்கவில்லை. இத்தனை நாள் அவர்மேல் கோபப்பட்டு அதிலேயே காலத்தை ஓட்டினேன். இப்போது அதுவும் போய்விட்டது. அந்தப் பதில் மட்டும் என்னிடம் இருக்கிறது, அதை இறக்கி வைக்க இந்த வீட்டில் இடம் இல்லை. அவர் இருக்கும் வரைக்கும் அவர் காதில் அது விழக் கூடாது. என்னவரிடமும் சொல்ல மாட்டேன். நீங்கள்தான் கேட்டாக வேண்டும்.

இருந்திருப்பீர்கள் அக்கா.